கோலி பழுக்கும் காலம்: ஸ்ரீஜேஷின் ஆட்ட வாழ்க்கை, குமரி மேற்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளையிலிருந்து, திருவனந்தபுரம் மாவட்டத்து அருவிக்கரைப் பக்கத்து மயிலம் ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. எறணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்து விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவன் 12 வயதில் அங்கே போய்ச் சேர்ந்தான். 2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் இரண்டாவது ஒலிம்பிக் வெண்கலத்தோடு பேடைக் கழற்றியபோது அவருக்கு வயது 36. நான்கு ஒலிம்பிக்குகளும் 330-க்கு மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களும் ஆடி முடித்திருந்தார். பரட்டு ரவீந்திரன் ஸ்ரீஜேஷ் என்ற பெயரை இங்கே யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த 24 வருஷங்கள் எப்படிச் செலவாயின என்பதைக் கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

குமரி மேற்கில் கோல்கீப்பரைக் ‘கோலி’ என்றுதான் சொல்கிறோம். மலையாளத்திலும் அதே சொல். தூத்தூர் முதல் வள்ளவிளை வரை கடற்கரையில் கால்பந்துக் கோலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஹாக்கிக்குத்தான் ஆள் இல்லை. ஹாக்கி ஆடும் சில பள்ளிகளிலும் ஓட மாட்டாத பையனைப் பார்த்து, ‘அவனக் கோலில நிறுத்து’ என்பதே தேர்வு முறையாக இருக்கிறது. ஸ்ரீஜேஷ் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

கண்டெடுப்பு

அவர் பள்ளிக்குப் போனது ஹாக்கி ஆட அல்ல. குறுந்தூர ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் பயிற்சியாளர்கள் ஜெயகுமாரும் ரமேஷ் கோலப்பாவும் அவரை ஹாக்கிக் கோலுக்குள் நிறுத்தினார்கள். கோலுக்குள் நின்றால் ஓட வேண்டாம், பரீட்சைக்குக் கிரேஸ் மார்க்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டதாக அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சிரிப்பைத் தள்ளிவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஓட்டக்காரனுக்கு முதல் அடியில் வெடிப்பு இருக்கும். நீளம் தாண்டுபவனுக்கு ஒற்றைக் காலில் உந்தும் பலம் இருக்கும். வாலிபால் ஆடியவன் தலைக்கு மேலே வரும் பந்தைக் கண்ணால் பிடித்துக் கையால் திருப்பப் பழகியிருப்பான். ஹாக்கிக் கோலிக்கு வேண்டிய மூன்றும் ஹாக்கி மட்டையைத் தொடும் முன்பே அவரிடம் சேர்ந்துவிட்டன.

ஆகவே 12, 13 வயதில் ஆள் தேடும்போது, ஒரே இடத்தில் நின்றபடி இடமும் வலமும் ஒற்றைக் காலில் உந்திப் பாயச் சொல்லுங்கள். இரண்டு பக்கத் தூரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அதைச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன்பின் மூன்று மீட்டர் தள்ளி நின்று டென்னிஸ் பந்தை முகத்துக்கு நேரே எறியுங்கள். முகத்தைத் திருப்பாமல் பந்தைக் கடைசி வரை பார்க்கிற பையனை விட்டுவிடாதீர்கள். உயரத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். ஹாக்கிக் கோலின் உயரம் 2.14 மீட்டர்தான்.

கடற்கரைக் கால்பந்துக் கோலியை ஹாக்கிக்குக் கொண்டுவந்தால் ஒரு பழக்கத்தை மறக்கடிக்க வேண்டும். கால்பந்தில் பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஹாக்கியில் பந்தைப் பிடித்து வைத்தாலோ அதன்மேல் படுத்தாலோ எதிரணிக்குப் பெனால்டி கார்னர் (பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டுக் கோலை நோக்கி அடிக்கும் வாய்ப்பு) போகும், சில நேரம் ஸ்ட்ரோக்கே (கோலியை மட்டும் எதிர்த்து ஒரே அடி) போகும். இங்கே கை திருப்பிவிட மட்டும்தான். தடுத்த பந்தைக் கிக்கரால் (ஷூவின் மேல் கட்டும் பாதக் காப்பு) பக்கவாட்டுக்கு, அதாவது ஆள் இல்லாத இடத்துக்கு, அனுப்பும் வரை தடுப்பு முடியவில்லை என்று பொருள். பனி ஹாக்கிக் கோலி இந்த விஷயத்தில் கால்பந்துக் கோலிக்கு நெருக்கம். அவர் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை) மூடிப் பிடித்து ஆட்டத்தையே நிறுத்தலாம். அவருடைய கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். நம்முடையது 3.66 மீட்டர் அகலம். பக்கின் எடையும் நம் பந்தின் எடையும் (156 முதல் 163 கிராம்) ஏறக்குறைய ஒன்று. பனி ஹாக்கிக் கோலி இரண்டு முழங்காலையும் தரையில் விரித்துக் கீழ்ப்பகுதியை மூடிவிடுகிறார் என்பதைப் பார்த்து நம் பையன்களும் அப்படி விழுந்தால், இரட்டை அகலக் கோலில் இரண்டு ஓரமும் திறந்து கிடக்கும்.

பேடும் பசுவும்

கோலி கிட் வாங்க ஸ்ரீஜேஷின் அப்பா வீட்டுப் பசுவை விற்ற கதை கேரளம் முழுக்கத் தெரியும். அந்தக் கதையை நாம் நெகிழ்ச்சிக்காக மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பயிற்சியாளர் அதிலிருந்து எடுக்க வேண்டியது வேறு: மற்றப் பத்துப் பேரும் ஒரு மட்டை, ஒரு ஷின் கார்டு வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கலாம். கோலியால் முடியாது. ஹெல்மெட், கழுத்துக் காப்பு, நெஞ்சுக் காப்பு, முழங்கைக் காப்பு, அடிவயிற்றுக் காப்பு, பஞ்சு வைத்த ஷார்ட்ஸ், இரண்டு லெக் கார்டு, இரண்டு கிக்கர், இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனிக் கையுறை. இதில் ஒன்று குறைந்தாலும் பையனைக் கோலுக்குள் விடக்கூடாது. இது பள்ளி வாங்கித் தர வேண்டிய பொருள், வீட்டுக்காரர்கள் தலையில் கட்ட வேண்டியதல்ல.

கண்ணூர்க்காரர் மானுவல் ஃபிரெடரிக் 1972 மியூனிக் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற அணியின் கோலி. நெற்றியால் பந்தைத் தடுத்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அன்று நிறுத்தி அடித்த பந்து பெரும்பாலும் தரையோடு வந்தது. இன்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் முகம் நோக்கி எழும்பி வரும் ட்ராக் ஃப்ளிக்குக்கு (மட்டையால் பந்தை இழுத்து வீசும் அடி) அந்த வீரம் ஆகாது.

லெக் கார்டு ஒவ்வொன்றும் காலில் கட்டிய நிலையில் 300 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கக்கூடாது என்பது விதி. கையுறைக்கு அகலம் 228, நீளம் 355 மில்லிமீட்டர் வரம்பு. பழைய கிட் வாங்கும்போது டேப்பை எடுத்து அளந்துகொள்ளுங்கள். ‘வளர்ற பையன்தானே’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தப்பு. கிக்கர் பெரிதாக இருந்தால் லெக் கார்டு அதன்மேல் சரியாக உட்காராது. கணுக்காலில் விரல் நுழையும் இடைவெளி விழும். பந்து தேடிப்பிடித்து அங்கேதான் படும். வார் தளர்ந்தால் லெக் கார்டு சுழலும், அதில் பட்டுத் திரும்பும் பந்து நேராக எதிராளி மட்டைக்குப் போகும்.

இன்னொன்று மழை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நமக்கு உண்டு. வருஷத்தில் பாதி நாள் கிட் காயாது. ஃபோம் தண்ணீரை உள்ளே இழுக்காவிட்டாலும் வார், துணி உறை, ஹெல்மெட் உள்பஞ்சு மூன்றும் பூஞ்சை பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, வார்களை முழுக்க அவிழ்த்து, நிழலில் ஃபேன் காற்றில் நிறுத்திவையுங்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் தொங்கவிட வேண்டாம். சூட்டில் ஃபோம் இறுகி, பந்து பட்டால் துள்ளும் தன்மை போய்விடும்.

காத்திருந்த வருஷங்கள்

2004-ல் ஜூனியர் இந்திய அணி. 2006-ல் கொழும்பு தெற்காசிய விளையாட்டில் சீனியர் அணி. எல்லோரும் இந்த இரண்டு வருஷத்தையும் சொல்லிவிட்டு நேரே பதக்கங்களுக்குப் போய்விடுகிறார்கள். இடையில் ஐந்து வருஷம் இருக்கிறது. மூத்த கோலிகள் அட்ரியன் டி’சோசாவும் பரத் சேத்ரியும் முன்னால் நின்ற காலம் அது. ஸ்ரீஜேஷ் அணிக்குள் வருவார், போவார், பெஞ்சில் உட்காருவார். 2008 ஜூனியர் ஆசியக் கோப்பையில் சிறந்த கோல்கீப்பர் விருது வாங்கியும் சீனியர் அணியில் இடம் உறுதியாகவில்லை. 2011-ல் சீனாவின் ஓர்டோஸில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம், பாகிஸ்தானுக்கு எதிராக. பெனால்டி ஸ்ட்ரோக்கில் இரண்டைத் தடுத்தார். அதற்கப்புறம்தான் முதல் கோலி என்று பேச்சு வந்தது. 2012 லண்டனில் இந்தியா கடைசியாக, 12-ஆவது இடத்தில் வந்தது. கோலியின் கணக்கில் அதுவும் சேரும்.

ஃபார்வர்ட் 19 வயதில் தெரிந்துவிடுவான். கோலி தெரிய நாளாகும். காரணம் எளிது: கோலியின் திறமையில் பாதி, எதிராளி என்ன செய்யப்போகிறான் என்ற நினைவுக் களஞ்சியம். அது ஆட்ட எண்ணிக்கையால் மட்டும் நிறையும். மீதிப் பாதி, முன்னால் நிற்கும் நான்கு டிஃபெண்டர்களைக் குரலால் நகர்த்துவது. 19 வயதுப் பையன் கத்தினால் 28 வயதுக்காரன் நகர மாட்டான்.

பனி ஹாக்கியிலும் இதே கதைதான். செக் கோலி டொமினிக் ஹாஷெக்கை 1983-ல் சிகாகோ அணி 199-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்து வைத்தது. அமெரிக்காவுக்கு ஆட வந்தபோது அவருக்கு 25 வயது. பஃபலோ அணியின் முதன்மைக் கோலியாக நிலைக்க 28 ஆனது. பிறகு சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை ஆறு முறை. 1998 நகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து ஷூட்-அவுட் (சமனான ஆட்டத்தைத் தீர்க்க ஒவ்வொருவராகக் கோலியை எதிர்ப்பது) ஆட்டக்காரர்களையும் நிறுத்தி, செக் நாட்டைத் தங்கத்துக்குக் கொண்டுபோனார். அமெரிக்கக் கோலி டிம் தாமஸ் கதை இன்னும் நீளம். 1994-ல் 217-ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, ஃபின்லாந்தில் எல்லாம் ஆடி அலைந்து, வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் நிலையாக ஆடத் தொடங்கும்போது வயது 31. 37-ல் அந்த லீக்கின் ஸ்டான்லி கோப்பையும், அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும்.

நம் மாவட்டத்தில் 17 வயதோடு கோலிகள் காணாமல் போகிறார்கள். பிளஸ் டூ முடிந்ததும் கிட் பள்ளிக்குத் திரும்பிவிடும். கல்லூரி அணியில் இருக்கும் ஒரே கிட்டை மூத்தவன் வைத்திருப்பான். ஸ்ரீஜேஷுக்குக் கிடைத்த அந்த ஐந்து வருஷம் நம் பையனுக்குக் கிடைப்பதில்லை. கோவில்பட்டி போல விடுதியும் செயற்கைத் தரையும் உள்ள ஊரில் இந்த இடைவெளி கொஞ்சம் குறைவு.

காத்திருக்கும் காலத்துப் பயிற்சிக்கும் ஓர் எச்சரிக்கை. கண் கூர்மைக்காகச் சிறிய பந்தை வைத்துப் பழகுவது எல்லா இடத்திலும் உண்டு. 2009-ல் புனே முகாமில் அப்படி ஒரு பயிற்சியில் கோல்ஃப் பந்து இந்தியக் கோலி பல்ஜித் சிங்கின் கண்ணைத் தாக்கியது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரின் ஆட்ட வாழ்க்கை அதோடு நின்றது. கோல்ஃப் பந்து ஹெல்மெட் கம்பிக்குள் நுழையும் அளவு சிறியது. டென்னிஸ் பந்துக்கு மேல் வேறெதையும் நினைக்க வேண்டாம்.

கார்னர்: 0.4 வினாடிக் கணக்கு

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. இந்தியா 5, ஜெர்மனி 4. ஆட்டம் முடிய 6.8 வினாடி இருக்கையில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார், 41 வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் வந்தது. அந்த ஒரு தடுப்புக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

கோலியோடு சேர்த்து ஐந்து பேர் பின்கோட்டுக்குப் பின்னால். பந்து உள்ளே தள்ளப்பட்டு, டி-க்கு (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) வெளியே போய் நின்று, பிறகு உள்ளே இழுத்து வீசப்பட வேண்டும். வீசும் இடம் கோல்கோட்டிலிருந்து சுமார் 13 மீட்டர் என்று வைப்போம். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 30 மீட்டர் சொச்சம். பந்து வர 0.43 வினாடி. கோலி ஒன்றரை மீட்டர் முன்னே வந்து நின்றால், 3.66 மீட்டர் அகலத்தில் அவர் மூட வேண்டியது சுமார் 3.24 மீட்டராகக் குறைகிறது, நேரமும் 0.38 வினாடியாகக் குறைகிறது. 40 சென்டிமீட்டர் லாபத்துக்கு 0.05 வினாடி விலை. கை கால் நீளமான கோலிக்கு இந்த வியாபாரம் கட்டும். குட்டையான, வேகமான பையனை ஒரு மீட்டரிலேயே நிறுத்துங்கள்.

எவ்வளவு முன்னே வருவது என்பதைவிட எப்போது நிற்பது என்பது பெரிது. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்தில் கோலி இன்னும் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தால், எடை தவறான காலில் இருக்கும். பக்கவாட்டில் உந்த முடியாது. பார்ப்பவர்களுக்குப் ‘பந்து வேகம்’ என்று தோன்றும் கோல்களில் பல, கோலி நிற்காததால் விழுந்தவை. பந்து நின்ற சத்தம் கேட்டதும் இரண்டு காலும் தரையில், எடை பெருவிரல் அடியில், கை இரண்டும் இடுப்புக்கு முன்னே. அதோடு யார் எந்தப் பக்கம் என்ற பேச்சு முன்பே முடிந்திருக்க வேண்டும். முதலில் ஓடுபவன் ஒரு கோணத்தை அடைப்பான், போஸ்ட்டில் நிற்பவன் ஓரத்தை அடைப்பான், மீதி கோலிக்கு. ஓடுபவன் கோலியின் கண்ணை மறைத்துக்கொண்டு நேர்கோட்டில் ஓடினால் எல்லாம் வீண். ‘இடப் பக்கமா ஓடு’ என்று கோலி சத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீஜேஷின் வாய் ஆட்டம் முழுக்க ஓயாது. டிவியில் ஒலியைக் கூட்டி வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

ஷூட்-அவுட்

23 மீட்டர் கோட்டில் ஆட்டக்காரர், கோல்கோட்டில் கோலி, 8 வினாடி. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானை 4-2 என்று வென்றதும், 2015 ராய்ப்பூரில் நெதர்லாந்தோடு 5-5 ஆன பிறகு 3-2 என்று வெண்கலம் எடுத்ததும், பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனை 4-2 என்று அனுப்பியதும் இந்த 8 வினாடிகளில்தான். பாரிஸில் அமித் ரோஹிதாஸ் 17-ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேராக நாற்பது நிமிடத்துக்கு மேல் சமாளித்துவிட்டு அந்த ஷூட்-அவுட்டுக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

விசில் ஊதியதும் முதல் இரண்டு வினாடி வேகமாக வெளியே வர வேண்டும். கோலிலிருந்து ஏழெட்டு மீட்டர் வந்ததும் வேகத்தை அடக்கி, காலில் நிற்க வேண்டும். விழாமல் நிற்பதுதான் கஷ்டம். எதிராளி கோலியை விழவைக்கத்தான் பார்க்கிறான்; விழுந்த கோலியைச் சுற்றிப் போக ஒரு வினாடி போதும். அவனை அவனுடைய இடப்பக்கம், ரிவர்ஸ் மட்டைப் பக்கம், மெல்லத் தள்ளிக்கொண்டே போனால் கோணம் ஒடுங்கும், கடிகாரம் நம் பக்கம் சேரும். ஐந்தாவது வினாடிக்குப் பிறகு அவனுக்கு அவசரம் வரும். பந்து மட்டையிலிருந்து கொஞ்சம் விலகும். அப்போது மட்டையை நீட்டிப் பாயலாம். காலைத் தட்டிவிட்டால், தெரியாமல் செய்ததென்றால் மறுபடி ஷூட்-அவுட், வேண்டுமென்று செய்ததென்றால் ஸ்ட்ரோக்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்கலாம். 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்தோடு 3-3. ஷூட்-அவுட் நீண்டு, ஒரு பக்கம் தவறும் வரை தொடரும் சடன் டெத்துக்குப் போனது. ஸ்ரீஜேஷ் காயம்பட்டு வெளியேற, கிருஷன் பகதூர் பாதக் உள்ளே வந்தார். இந்தியா தோற்றது. ஷூட்-அவுட் நடக்கும்போது இரண்டாம் கோலி முழுக் கிட்டும் கட்டி, உடம்பு சூடாக இருக்க வேண்டும் என்பதை மாவட்ட அளவில் யாரும் நினைப்பதில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருப்பான்.

முழங்கால்

2016-ல் ரியோ ஒலிம்பிக் அணியின் கேப்டன். அடுத்த மே மாதம் ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கோப்பையின்போது வலது முழங்கால் போனது, அறுவை சிகிச்சை. 2018 ஜனவரியில் நியூசிலாந்து தொடரில் திரும்பினார். அந்த வருஷமே பிரேடா சாம்பியன்ஸ் டிராபியில் சிறந்த கோல்கீப்பர்.

கோலியின் முழங்கால் கெட ஒரு குறிப்பிட்ட வழி உண்டு. உந்தும் காலின் கிக்கர் தரையில் பிடித்துக்கொள்ள, உடம்பு மறுபக்கம் திரும்பிவிடும். பிறகு திரும்பி வரும் வரிசை அவசரப்படக்கூடாதது: வீக்கம் வடிய வேண்டும், கால் முழுதாக நீள வேண்டும், தொடைத் தசை நல்ல காலின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்காவது எட்ட வேண்டும், ஒற்றைக் காலில் குதித்து நிற்கப் பழக வேண்டும், அப்புறம் பக்கவாட்டு உந்தல், கடைசியில்தான் கிட். நம் செம்மண் மைதானத்தில் கல்லுக்குப் பயந்து பையன்கள் சறுக்கவே பழகுவதில்லை. செயற்கைத் தரைக்கு முதல்முறை போனதும் சறுக்கத் தெரியாமல் முழங்காலைத் திருகிக்கொள்கிறார்கள். தூத்தூர்க் கடற்கரை மணல் விழுந்து பழக நல்லது. ஆனால் கால் புதைவதால் உந்தலை அங்கே பழக்காதீர்கள். மணல் வாரிலும் பக்கிளிலும் புகுந்து அரிக்கும் என்பதால் கிட்டையும் கொண்டுபோக வேண்டாம்.

முடிவும் அடுத்தவரும்

கடைசி வருஷங்களில் சர்வதேசப் புரோ லீக் ஆட்டங்களில் ஸ்ரீஜேஷும் பாதக்கும் குவார்ட்டருக்குக் குவார்ட்டர் (ஆட்டத்தின் நான்கு பகுதிகள்) மாறி நின்றார்கள். டச்சுக் கோலிப் பயிற்சியாளர் டென்னிஸ் வான் டி போல் இருவரோடும் வேலை செய்தார். இளையவருக்கு ஆட்டம் கிடைத்தது, மூத்தவருக்கு முழங்கால் மிஞ்சியது. பாரிஸ் முடிந்ததும் ஹாக்கி இந்தியா சீனியர் அணியின் 16-ஆம் எண் சட்டையை ஓய்வுபெறச் செய்தது. கோலுக்குள் யார் என்ற திண்டாட்டம் மட்டும் வரவில்லை. ஸ்ரீஜேஷ் ஜூனியர் அணிப் பயிற்சியாளர் ஆனார். 2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலம்.

இங்கே நடக்கும் 14 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் இப்படி இரண்டு கோலிகளை மாற்றி நிறுத்த எந்த விதியும் தடையில்லை. பெனால்டி கார்னர் நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் கோலியை மாற்றலாம். இரண்டு குவார்ட்டர் ஒருவனுக்கு, இரண்டு மற்றவனுக்கு. ஒரே கிட்தான் என்றால் இடைவேளை முழுக்க வார் மாற்றுவதிலேயே போய்விடும். ஆகவே இரண்டாவது கிட்டுக்குப் பணம் திரட்டும்போது முதலில் இன்னொரு ஜோடி கிக்கரும் லெக் கார்டும் வாங்குங்கள். நெஞ்சுக் காப்பும் ஹெல்மெட்டும் இரண்டு நிமிடத்தில் மாறிவிடும். காலுக்குத்தான் நேரம் பிடிக்கிறது.